வைஷ்ணோ தேவி: அம்மாவை அந்த மலைக்குக் கூட்டிப் போகலாமா?

கொழுந்துக்கூடை (கொட்டகலை / கொழும்பு)

எல்லாருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 64 வயது. 35 வருடம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்துவிட்டு இப்போது வீட்டில் இருக்கிறார். கதிர்காமத்துக்குக் கூப்பிட்டால்கூட "அடுத்த வருஷம் பாப்போம்" என்று சொல்கிற மனுஷி, யூடியூபில் ஜம்முவில் உள்ள வைஷ்ணோ தேவி குகையைப் பார்த்த நாளிலிருந்து அதே பேச்சாக இருக்கிறார். "சிலையே இல்லையாம்டி, மூணு கல்லுதானாம், குகைக்குள்ள தண்ணி ஓடுதாம்." ஒரு நாளைக்கு நாலு தடவை இதைக் கேட்கிறேன்.

பிரச்சினை வலது முழங்கால். மழை நாளில் வாசற்படி இறங்கவே சுவரைப் பிடிப்பார். கொழும்பில் ஒரு பயண முகவரிடம் போனேன். வயசானவங்களுக்கு அது சரிவராது, காசி கயாவில் போட்டுத் தருகிறேன் என்று சொல்லி முற்பணம் வாங்கினார், அப்புறம் அந்தப் பயணமும் இல்லை, காசைத் திருப்பி வாங்க மூன்று மாதம் அலைந்தேன். அதனால் இந்தத் தடவை நானே ஏற்பாடு செய்யப் பார்க்கிறேன். யாராவது போனவர்கள் இருந்தால் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். முடியாது என்றாலும் பரவாயில்லை.


பாதமலை நடையன் (மஸ்கெலியா)

தங்கச்சி, முதலில் உயரத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அடிவாரத்து ஊர் கட்ரா, சுமார் 2,500 அடி. கோயில் இருக்கிற இடத்தை அங்கே பவன் என்கிறார்கள், அது 5,200 அடி. நம்ம நுவரெலியா டவுனே 6,100 அடிக்கு மேல், ஆகவே மூச்சு வாங்கும், ஆக்சிஜன் குறையும் என்கிற கதையெல்லாம் நமக்கு இல்லை.

சிவனொளிபாதமலையோடு ஒப்பிட்டால் அது லேசு. நல்லதண்ணியிலிருந்து ஐயாயிரத்துக்கு மேல் படி, கடைசியில் படி மேலேயே தலை இடிக்கிற மாதிரி செங்குத்து. இங்கே கட்ராவிலிருந்து பவனுக்கு 12 கிலோமீட்டர், முழுக்கப் பாவிய பாதை, வளைந்து வளைந்து போகும். தகரக் கூரை, வெளிச்சம், குடிதண்ணீர், கழிப்பறை எல்லாம் வழி நெடுக உண்டு. கஷ்டம் ஏற்றத்தில் இல்லை, தூரத்தில்தான். இறங்கும்போதுதான் முழங்கால் பேசும். அதை மட்டும் கணக்கில் வையுங்கள்.


பிளேன்டீ

நுவரெலியாவை விட ஆயிரம் அடி தாழ்வான மலைக்கு விமானம், ரயில் எல்லாம் ஏறிப் போய், அங்கிருந்து ஏறணுமா 😄 அம்மாவை சீத்தா எலியாவுக்குக் கூட்டிப் போங்க, பஸ்ஸை விட்டு இறங்கினால் சீதை கோயில்.


ஊவாக்காரி (பண்டாரவளை)

பிளேன்டீ தம்பி, உங்களைக் கண்டுகொள்ளவில்லை.

நான் அத்தையோடு ஒரு ஜனவரியில் போய் வந்தேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், தேவைப்பட்டதை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னை வரை விமானம், அங்கிருந்து கட்ராவுக்கே நேர் ரயில் இருக்கிறது, அந்தமான் எக்ஸ்பிரஸ். கன்னியாகுமரியிலிருந்து ஹிம்சாகர் என்று ஒன்று வாரம் ஒரு முறை, சுமார் 3,800 கிலோமீட்டர், மூன்று நாளைக்குக் கிட்ட உட்கார்ந்தே போக வேண்டும். எங்கள் அத்தைக்கு அது நடக்கிற காரியமில்லை. டெல்லி வரை பறந்து, அங்கிருந்து வந்தே பாரத் ரயிலில் எட்டு மணி நேரத்தில் கட்ராவில் இறங்கினோம். 2014 வரை ஜம்முவில் இறங்கி பஸ் பிடிக்க வேண்டுமாம், இப்போது ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் மலை எதிரே நிற்கிறது.

சென்னையில் ப்ரீபெய்டு சிம் வாங்கி வைத்திருந்தோம், ஜம்முவுக்குள் நுழைந்ததும் செத்துவிட்டது. வேறு மாநில ப்ரீபெய்டு அங்கே எடுக்காது. முன்கூட்டியே யாராவது சொல்லியிருந்தால் அத்தை மகன் அங்கே பதறியிருக்க மாட்டான்.

கட்ராவில் பதிவு செய்து ஓர் அட்டை தருவார்கள், கழுத்தில் மாட்டிக்கொள்ள வேண்டும், காசு இல்லை. நமக்கு பாஸ்போர்ட் கட்டாயம். அட்டை இல்லாமல் பாண் கங்கை சாவடியைத் தாண்ட விடமாட்டார்கள். குதிரை உண்டு, நாலு பேர் தூக்கும் பல்லக்கு உண்டு, பிள்ளைகளையும் மூட்டையையும் சுமக்க பிட்டு என்று ஆட்கள் உண்டு. பாதி வழியில் அர்த்த்குவாரி. அங்கிருந்து பவனுக்கு பேட்டரி வண்டி ஓடுகிறது, ஆனால் இடம் கிடைப்பது அதிர்ஷ்டம். கட்ராவிலிருந்து பவனுக்குக் கிட்ட உள்ள சாஞ்சிசத் வரை ஹெலிகாப்டரும் இருக்கிறது. மூடுபனி வந்தால் நிறுத்திவிடுவார்கள், எங்களுக்கு அப்படித்தான் ஆனது.

குகைக்கு வருகிறேன். இப்போது பெரும்பாலும் எல்லாரையும் அனுப்புவது பின்னாளில் வெட்டிய சுரங்கப் பாதை வழியாக, பளிங்குத் தரை, நிமிர்ந்து நடக்கலாம். பழைய குகை கூட்டம் குறைந்த குளிர்மாதத்தில் மட்டும் திறக்கும். எங்கள் நல்ல நேரம், அன்றைக்குத் திறந்திருந்தது. வாயில் மனுஷன் புகுகிற அளவு பிளவு, குனிந்து, ஓரிடத்தில் கிட்டத்தட்டத் தவழ்ந்து போனோம். கிட்டத்தட்ட நூறடி நீளம். காலடியில் சரண கங்கை ஓடுகிறது. நான் ஹோட்டன் சமவெளி உலக முடிவுக் குளிரில் பைப்புத் தண்ணியில் முகம் கழுவியவள், ஆனால் அந்தத் தண்ணி கணுக்காலைப் பிடித்த பிடி வேறு. அத்தைக்கு அழுகை வந்துவிட்டது, குளிராலா பக்தியாலா என்று நான் கேட்கவில்லை. பாறைச் சுவர் ஈரமாக, நம்ம தோட்டத்து வரிசை வீட்டு லயத்துப் பின்சுவர் மாதிரி கசிந்துகொண்டே இருந்தது.

கடைசியில் ஐந்தரை அடி உயரத்தில் ஒரே பாறை, உச்சியில் மூன்று தலை. பிண்டி என்கிறார்கள். காளி கறுப்பு, நடுவில் லட்சுமி மஞ்சளும் சிவப்பும், சரஸ்வதி வெண்மை. கிரீடமும் பட்டும் பூவும் போட்டு மூடியிருக்கும், பூசாரி ஒவ்வொன்றாகக் கைகாட்டிச் சொல்வார். மூன்று விநாடி. அவ்வளவுதான். "ஜெய் மாதா தி" என்று பின்னால் இருப்பவர் சத்தம் போட, நெற்றியில் குங்குமம் விழுந்த கையோடு நீங்கள் வெளியே வந்திருப்பீர்கள். அம்மாவிடம் இதை முன்பே சொல்லி வையுங்கள், இல்லாவிட்டால் ஏமாற்றம் ஆகும்.


கொழுந்துக்கூடை

அக்கா, இவ்வளவு எழுதினதுக்கு நன்றி. அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். மூன்று விநாடி என்றதும் "போதும்" என்று சொல்லிவிட்டார். ஏன் சிலை வைக்கவில்லை என்று மட்டும் கேட்கிறார்.


பிளேன்டீ

நம்ம தோட்டத்து முனியாண்டிக்கு என்ன சிலையா இருக்கு? மரத்தடியில ஒரு கல்லு, ஒரு சூலம். தேயிலை ஆலைக்குள்ள மெஷினைக் காக்கிற ரோதமுனிக்கு அதுவும் கிடையாது. அம்மாவுக்குத் தெரியாததா. கேள்வியே கேட்க வேண்டாம், அவங்களுக்கு அது பழகின சாமிதான்.


ஹக்கல மணி

பிளேன்டீ முதல் தடவையாக உருப்படியாக ஒன்று சொல்லியிருக்கிறார்.

நான் சொல்ல வந்தது வேறு. அந்த மலையின் பேர் என்ன தெரியுமா? திரிகூடம். மூன்று சிகரம் என்பதால். இராமாயணத்தில் இராவணனின் இலங்கை நகரம் எந்த மலை உச்சியில் இருந்தது? அதுவும் திரிகூடம். ஒரே பேர்! அங்கே சொல்கிற தலபுராணத்தைக் கேட்டால் இன்னும் நெருக்கம். வைஷ்ணோ தேவியான அந்தப் பெண் பிறந்ததே தென்னாட்டில், ரத்னாகரர் என்பவர் வீட்டில். சீதையைத் தேடி வந்த இராமனை மணக்கக் கேட்கிறாள். இராமன் தனக்கு ஏற்கெனவே மனைவி உண்டு, கலியுகத்தில் பார்ப்போம், அதுவரை வடக்கே திரிகூட மலைக் குகையில் தவம் இரு என்று அனுப்புகிறார். இராவணனை இராமன் ஜெயிக்க வேண்டும் என்று அவள்தான் ஒன்பது நாள் நவராத்திரி விரதம் இருந்தாளாம்.

அடுத்தது, காவலுக்குக் கூடப் போனவர் யார்? அனுமார். வழியில் அவருக்குத் தாகம் எடுக்க, அம்மன் அம்பு விட்டுக் கொண்டுவந்த தண்ணிதான் பாண் கங்கை. எங்கள் ஊரில் கறுத்த மண்ணைக் காட்டி இது அனுமார் வைத்த தீ என்போம், ஓடைப் பாறைக் குழியைக் காட்டி அவர் பாதம் என்போம். இங்கே எரித்துவிட்டு அங்கே போய்த் தண்ணி கேட்டிருக்கிறார்.

இங்கே சீதை ஒருவருக்காகக் காத்திருந்தாள். அங்கே இன்னொருத்தி அதே ஆளுக்காகக் காத்திருக்கிறாள். ஆகவே உங்கள் அம்மா போவது அந்நிய ஊருக்கு இல்லை.


லயத்து வாத்தியார் (பதுளை)

மணி அண்ணே, கதை நன்றாக இருக்கிறது, நானும் ரசித்தேன். ஆனால் ஒரே பேர் என்பதற்காக ஒரே விஷயம் ஆகிவிடாது. மூன்று முடி தெரிகிற மலைக்கெல்லாம் திரிகூடம் என்று பேர் வைத்திருக்கிறார்கள், குற்றால மலையும் திரிகூடம்தான்.

"எத்தனை லட்சம் வருடப் பழமை" என்று வீடியோக்களில் அடித்து விடுவதிலும் ஒரு குழப்பம் இருக்கிறது. குகை பத்து லட்சம் வருடப் பழையது என்று கோயில் வாரியமே சொல்கிறது. சரி, அது பாறையின் வயது. சாமி கும்பிட ஆரம்பித்த வயது வேறு. அதே வாரியம் சொல்லும் வழிபாட்டுக் கதையில், ஸ்ரீதரர் என்ற ஏழைப் பிராமணர் கனவில் வழி கண்டு குகையைக் கண்டுபிடித்தது சுமார் 700 வருடத்துக்கு முன். அதுவே பெரிய பழமைதான். பாறை வயதைக் கடன் வாங்கத் தேவையில்லை.


ஹக்கல மணி

வாத்தியாரே, பதினெட்டு சக்தி பீடத்தைச் சொல்லும் சுலோகம் இலங்கை சாங்கரியில் தொடங்கி காஷ்மீரில் முடிகிறதே, அதையும் தற்செயல் என்பீர்களா?


லயத்து வாத்தியார்

முடிகிறது, ஆனால் அது காஷ்மீர் சரஸ்வதி, சாரதா பீடம். வைஷ்ணோ தேவி இல்லை. அந்தப் பட்டியலில் இந்தக் குகையே கிடையாது. திருகோணமலையில் தொடங்கி அந்தப் பக்கத்து மலையில் முடிப்பது எனக்கும் பிடிக்கிறது, அது உண்மை. இந்தக் கோயிலோடு சேர்த்து ஒட்ட வேண்டாம், அவ்வளவுதான்.


ஹக்கல மணி

சரி, ஒட்டவில்லை. அனுமாரை மட்டும் விட்டுத்தர மாட்டேன்.


ஊவாக்காரி

இரண்டு பேரும் சண்டையை முடித்தால் பைரவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், அம்மாவுக்கு இது முக்கியம். பைரோன் நாத் என்ற தாந்திரீகன் அந்தப் பெண்ணைத் துரத்துகிறான். ஸ்ரீதரர் போட்ட விருந்தில் கறியும் சாராயமும் கேட்டுத்தான் தகராறே தொடங்குகிறது. அவள் ஓடி, அர்த்த்குவாரியில் ஒரு சின்னப் பொந்துக்குள் ஒன்பது மாதம், பிள்ளை வயிற்றில் இருக்கிற கணக்கு, ஒளிந்திருக்கிறாள். அந்தப் பொந்துக்குள் இன்றைக்கும் உடம்பை ஒடுக்கி நுழைந்து வெளியே வரலாம், ஆனால் வரிசை மணிக்கணக்கில். கடைசியில் குகை வாசலில் காளியாகி அவன் தலையை வெட்டுகிறாள். தலை போய் விழுந்த மேட்டில் அவனுக்குக் கோயில், உடம்பு பழைய குகை வாசலில் பாறையாகக் கிடக்கிறது. சாகும்போது மன்னிப்புக் கேட்டானாம். உன்னையும் பார்த்தால்தான் என்னைப் பார்த்த பலன் என்று வரம் கொடுத்துவிட்டாள். அதனால் எல்லாரும் இன்னும் மேலே ஏறுகிறார்கள். 2018 கடைசியிலிருந்து பவனிலிருந்து அங்கே கம்பிவண்டி ஓடுகிறது, ஐந்து நிமிடம்கூட இல்லை, அதற்காக முழங்காலைக் கொல்ல வேண்டாம்.

சேவல், கிடா எதுவும் கிடையாது. சைவச் சாமி. சாப்பாட்டில் வெங்காயம், பூண்டு கூட இல்லை. ராஜ்மா சோறும் மோர்க்குழம்பு மாதிரி ஒரு கடிச் சோறும்தான் எங்கும். தேங்காயை முன்னாலேயே வாங்கி வைத்துவிடுகிறார்கள், உள்ளே உடைக்க முடியாது. கைபேசி, பை, பெல்ட் எல்லாம் வெளியே லாக்கரில்.


கொழுந்துக்கூடை

மன்னிப்புக் கேட்டவனுக்கும் கோயில் என்றதும் அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்பா குடித்துவிட்டு ஆடின காலமெல்லாம் ஞாபகம் வந்திருக்கும். அப்புறம் "அவன் கோயிலுக்கும் போவோம், ஆனா நான் அங்க தேங்காய் கொடுக்க மாட்டேன்" என்றார்.

எனக்கு வேறு பயம். ஆகஸ்டில் அந்தப் பாதையில் மண்சரிவு என்று செய்தியில் பார்த்தேனே?


பாதமலை நடையன்

ஆமாம். 2025 ஆகஸ்ட் 26, அர்த்த்குவாரி பக்கம். முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மூன்று வாரம் யாத்திரையை நிறுத்தி செப்டம்பர் நடுவில்தான் திறந்தார்கள். அதற்கு முன் 2022 ஜனவரி 1 விடியற்காலை நெரிசலில் 12 பேர் போனார்கள். அதற்குப் பிறகுதான் அந்தக் கழுத்து அட்டை வந்தது, மேலே எத்தனை பேர் என்று எண்ணுவதற்கு. 2022 முதல் 2024 வரை வருடத்துக்குத் தொண்ணூறு லட்சம் பேருக்கு மேல் ஏறின மலை, சும்மா இல்லை.

மீரியபெத்தை மண்சரிவு, 2014 அக்டோபர் 29, நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மழைக்கால மலையில் மண் நகரும். ஜூலை ஆகஸ்டில் போகாதீர்கள், புதுவருடம், நவராத்திரி, அவர்களுடைய பள்ளி விடுமுறை எல்லாம் வேண்டாம். பிப்ரவரி நல்லது. குளிர் இருக்கும், மேலே பனியும் விழலாம், ஆனால் வரிசை குறைவு.


லயத்து வாத்தியார்

இன்னொன்று யோசியுங்கள். குதிரைக்காரர், பல்லக்குத் தூக்கிகள், பிட்டுக்காரர்கள் பற்றி யாரும் பேசவில்லை. 2024 நவம்பரிலும் டிசம்பரிலும் கட்ராவில் வேலைநிறுத்தம், கடையடைப்பு எல்லாம் நடந்தது. கட்ரா பக்கத்துத் தாராகோட்டிலிருந்து சாஞ்சிசத்துக்கு 250 கோடி ரூபாயில் கம்பிவண்டி போடத் திட்டம். வந்தால் முதியவர்களுக்கு வசதி, ஆனால் 12 கிலோமீட்டரும் சுமந்து பிழைக்கிறவன் என்ன செய்வான்? தேயிலையில் கொழுந்து வெட்டும் கை மெஷின் வந்தபோது நம் பெண்கள் கேட்ட கேள்வி அது. எனக்கு இரண்டு பக்கமும் நியாயம் தெரிகிறது, ஆனாலும் மனசு சுமக்கிறவன் பக்கம்தான் போகிறது.


பிளேன்டீ

பிட்டுக்காரர் முதுகில் மூட்டையைப் போட்டுப் போகிற போட்டோ பார்த்தேன். நம்ம ஆளுங்க நெத்தியில கயிறு போட்டுக் கூடை சுமக்கிற அதே குனிவு. சிரிப்பு வரலை.


கொழுந்துக்கூடை

முடிவு எடுத்தாச்சு, அம்மா எடுத்த முடிவு. குதிரை பற்றிக் கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "முப்பத்தஞ்சு வருஷம் மலைக்குப் போனவ நான். குதிரையில போனா அரைப்பேர்தான் போடுவா."

தோட்டத்துக்கு வெளியே வளர்ந்தவர்களுக்கு: நாங்கள் கொழுந்து பறிக்கப் போவதை மலைக்குப் போவது என்றுதான் சொல்வோம். கணக்குக்குக் கொழுந்து வராவிட்டால் அன்றைக்கு அரைச் சம்பளம், அதுதான் அரைப்பேர்.

டிசம்பருக்கு டிக்கெட் பார்க்கிறேன்.


கொழுந்துக்கூடை

டிசம்பர் நடக்கவில்லை. டிட்வா புயல் வந்து எங்கள் பக்கம் என்ன ஆனது என்று எல்லாருக்கும் தெரியும். எங்கள் லயத்துக்கு மேலே மேட்டில் வெடிப்பு, பத்து நாள் பள்ளிக்கூடத்தில் படுத்தோம். மலை, சரிவு என்ற பேச்சையே அம்மா எடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. தைப்பொங்கலுக்கு மறுநாள் அவராகவே பாஸ்போர்ட்டை எடுத்து மேசையில் வைத்தார்.


ஊவாக்காரி

அம்மாவிடம் சொல்லுங்கள், முழங்கால் பட்டி, ஒரு கம்பு, இரண்டு சோடி காலுறை. கம்பு அங்கேயே கடையில் கிடைக்கும். காலையில் நாலு மணிக்குத் தொடங்குங்கள். தாராகோட் வழியைப் பிடியுங்கள், அங்கே குதிரை இல்லை, சாணி வழுக்கல் இல்லை, பாதையும் அகலம்.


கொழுந்துக்கூடை

போய் வந்துவிட்டோம். பிப்ரவரி இரண்டாம் வாரம். உதவிய எல்லாருக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

தாராகோட் வழியாகத் தொடங்கினோம். அம்மா கம்பை வாங்கிய கையோடு என்னிடம் கொடுத்துவிட்டார், கடைசி வரை நான்தான் ஊன்றினேன். தோட்டத்துச் சரிவில் நடக்கிற மாதிரியே, பாதத்தைக் கொஞ்சம் பக்கவாட்டில் வைத்து, அவசரமே இல்லாமல், ஆனால் நிற்காமல். இரண்டு தடவை நான் உட்கார்ந்தேன், அவர் நின்றபடி அந்தப் பக்க மலையைப் பார்த்து "இதுல தேயிலை வருமா" என்று கேட்டுக்கொண்டிருந்தார். கடையில் தேத்தண்ணி வாங்கினோம். பாலும் இஞ்சியும் சீனியும் போட்டுக் கொதிக்க வைத்தது. ஒரு வாய் குடித்துவிட்டு "தூசு" என்றார். ஆனால் இன்னொன்று வாங்கச் சொன்னார்.

அர்த்த்குவாரிக்கு வந்தபோது முழங்கால் வீங்கியிருந்தது. மறைத்தார், நான் பார்த்துவிட்டேன். பேட்டரி வண்டியில் இரண்டு இடம் கிடைத்தது. ஏற மாட்டேன் என்று பிடிவாதம். அந்த ஊர்ப் பேரைக் கேட்டால் அரை மாதிரி ஒலிக்கிறது, வடமொழியில் அர்த்த என்றால் அரை, இதுவும் பாதி வழிதான் என்று எதையோ விளக்கினேன். "அப்ப இங்கயே அரைப்பேர் போட்டுட்டாளா" என்று சிரித்துவிட்டு ஏறினார்.

பழைய குகை திறக்கவில்லை. பளிங்குச் சுரங்கம்தான். தண்ணியில் கால் வைக்க முடியவில்லையே என்று எனக்குத்தான் வருத்தம். மூன்று விநாடியில் அம்மா கும்பிடவில்லை. வலது கையை லேசாக நீட்டி, தளிரைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி விரலைக் குவித்தார், பின்னால் இருந்தவர்கள் தள்ளியதில் வெளியே வந்துவிட்டோம். என்னம்மா செஞ்சீங்க என்று கேட்டேன். "கை தானா போச்சு."

கம்பிவண்டியில் பைரவரிடமும் போனோம். தேங்காய் கொடுக்கவில்லை.


பிளேன்டீ

பிரசாதம் எங்கே?


கொழுந்துக்கூடை

கற்கண்டு. லயத்தில் பன்னிரண்டு வீட்டுக்கும் பிரித்து அம்மா ஒரே நாளில் முடித்துவிட்டார். உங்களுக்கு இல்லை 😄